புழுவுக்குக் காட்டிய பொறுமை

1926ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ஒரு புழுவால் கிடைத்தது. பெற்றவர் யோஹன்னஸ் ஃபிபிகர், கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் நோயியல் பேராசிரியர். 1907இல் காசநோய் ஆராய்ச்சிக்காக எலிகளை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மூன்று எலிகளின் இரைப்பையில் விநோதமான கட்டிகளைக் கண்டார். மூன்றும் டோர்பாட் என்ற ஊரிலிருந்து, அதாவது இன்றைய எஸ்தோனியாவின் டார்ட்டுவிலிருந்து வந்தவை. கட்டிகளுக்குள் நூல்போல ஒரு உருளைப்புழு சுருண்டு கிடந்தது. அந்தப் புழு எங்கிருந்து வருகிறது என்று தேடி ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளை அறுத்தார். கடைசியில் கோபன்ஹேகனின் ஒரு சர்க்கரை ஆலையில் விடை கிடைத்தது. அங்கே கரப்பான்பூச்சிகள் புழுவின் இளம்பருவத்தைச் சுமந்தன. எலிகள் கரப்பானைத் தின்றன. ஆய்வகத்து எலிகளுக்கு அதே கரப்பான்களைக் கொடுத்தார். கட்டி வந்தது. 1913இல் உலகுக்கு அறிவித்தார்: புற்றுநோயை ஆய்வகத்தில் உண்டாக்க முடியும், அதை ஒரு புழு செய்கிறது.

பரிசு அவர் கைக்கு வந்தது 1927 டிசம்பரில். அடுத்த மாதக் கடைசியில் இறந்துபோனார். அவருக்கே பெருங்குடலில் புற்றுநோய் இருந்தது.

அவருடைய கண்டுபிடிப்பும் அதிக நாள் உயிரோடிருக்கவில்லை. அந்த எலிகளின் சாப்பாடு பெரும்பாலும் வெள்ளை ரொட்டியும் தண்ணீரும்தான். வைட்டமின் ஏ இல்லாத அந்த உணவே இரைப்பைத் தோலைத் தடிக்க வைத்தது, புழு அதன்மேல் எரிச்சலூட்டியது, அவர் கண்டவற்றில் பெரும்பாலானவை புற்றுநோயே அல்ல என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். 1952இல் அமெரிக்காவில் ஹிட்ச்காக், பெல் என்ற இருவர் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தபின் விவாதம் முடிந்தது. இதில் மிகவும் இழந்தவர் ஜப்பானின் யமகிவா கட்சுசபுரோ. 1915இல் முயலின் காதில் நிலக்கரித் தாரைத் தடவித் தடவி உண்மையான புற்றுநோயை உண்டாக்கிக் காட்டியவர் அவர். பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை.

ஃபிபிகரைக் கேலி செய்வது சுலபம். பல நூல்கள் அதைத்தான் செய்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. புழுவால் புற்றுநோய் வருமா என்ற கேள்வி சரியான கேள்வி. அவர் பிடித்த புழுதான் தவறு. சரியான புழு அப்போதே எகிப்தில் பிடிபட்டிருந்தது.

1851இல் கெய்ரோவின் கஸ்ர் எல் ஐனி மருத்துவமனையில் தியோடர் பில்ஹார்ஸ் என்ற இளம் ஜெர்மன் மருத்துவர் பிணப் பரிசோதனை செய்தபோது, இரத்தக் குழாய்க்குள் வாழும் ஒரு தட்டைப்புழுவைக் கண்டார். ஆண் புழுவின் உடலில் நீளவாக்கில் ஒரு பள்ளம். அதற்குள் பெண் புழு வாழ்நாள் முழுக்கக் கிடக்கிறது. இந்த ஜோடி சிறுநீர்ப்பையைச் சுற்றியுள்ள சிரைகளில் ஆண்டுக்கணக்கில் தங்கி முட்டையிடுகிறது. முட்டையின் நுனியில் கூர்மையான முள் இருக்கும். அது சிறுநீர்ப்பையின் சுவரைத் துளைத்து வெளியேற வேண்டும், சிறுநீரோடு ஆற்றில் கலக்க வேண்டும், அங்கே அதிலிருந்து பொரியும் இளம்புழு ஒரு நத்தைக்குள் புக வேண்டும், பிறகு நத்தையிலிருந்து வெளிவந்து, தண்ணீரில் இறங்கும் மனிதனின் தோலைத் துளைக்க வேண்டும். நைல் நதிக்கரையில் இந்தச் சுற்று எவ்வளவு பழையது என்பதற்குச் சான்று மம்மிகளே. 1910இல் மார்க் அர்மாண் ருஃபர், இருபதாம் வம்சத்து மம்மிகளின் சிறுநீரகத்தில் சுண்ணாம்பேறிப்போன முட்டைகளைக் கண்டெடுத்தார். அதற்கு அடுத்த ஆண்டே கெய்ரோவில் ஃபெர்குசன் என்ற மருத்துவர், இந்தப் புழு நோய்க்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எழுதிவைத்தார்.

எல்லா முட்டைகளும் வெளியேறுவதில்லை. கணிசமானவை சுவரிலேயே சிக்கிக்கொள்கின்றன. ஒவ்வொரு சிக்கிய முட்டையையும் வெள்ளணுக்கள் சூழ்ந்து முடிச்சுப் போடுகின்றன. திசு புண்ணாகிறது, ஆறுகிறது, மறுபடி புண்ணாகிறது. ஆறும்போதெல்லாம் செல்கள் பிரிய வேண்டும்; பிரியும்போதெல்லாம் டி.என்.ஏ.வில் பிழை நேர வாய்ப்பு உண்டு. போதாததற்கு, சரியாகக் காலியாகாத சிறுநீர்ப்பையில் பாக்டீரியாக்கள் குடியேறி, நைட்ரோசமின் என்ற புற்றுத்தூண்டிகளையும் உண்டாக்குகின்றன. எகிப்திய ஆண்களிடையே சிறுநீர்ப்பைப் புற்றுநோய் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தது. மேற்கு நாடுகளில் காணும் வகையாக அல்லாமல், செதில் செல்களிலிருந்து எழும் வகையாகவும் அது இருந்தது. புழுவைக் கட்டுப்படுத்தியபின் அந்த வகை குறைந்து, மற்ற நாடுகளில் காணும் வகை மேலே வந்தது.

கட்டுப்படுத்திய கதையிலும் ஒரு கொடுமை உண்டு. 1980கள் வரை எகிப்தின் கிராமங்களில் இந்த நோய்க்கு ஊசி போட்டார்கள். ஆன்டிமனி கலந்த மருந்து. சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத ஊசிகள். அந்த ஊசிகளின் வழியே ஹெப்படைட்டிஸ் சி வைரஸ் பரவி, உலகிலேயே அந்த வைரஸ் மிக அதிகமுள்ள நாடுகளில் ஒன்றாக எகிப்து ஆனது. அந்த வைரஸ் ஈரல் புற்றுநோயை உண்டாக்கும். ஒரு புற்றுநோயின் வேரை வெட்டப்போய் இன்னொன்றை நட்டுவிட்டார்கள். பிராசிகுவாண்டல் மாத்திரை வந்தபின்தான் ஊசிக்கு வேலை இல்லாமல் போனது.

1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இந்தச் சிறுநீர்ப்பைப் புழுவையும் தாய்லாந்தின் ஈரல் புழு ஒன்றையும் சிகரெட், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் முதல் பட்டியலில் சேர்த்தது. 2009இல் சீனா, கொரியா, வியட்நாம் பகுதிகளின் ஈரல் புழு மூன்றாவதாகச் சேர்ந்தது. மனிதனுக்குள் வாழும் புழு வகைகள் எத்தனையோ இருக்க, மூன்றே மூன்று. சிறுநீர்ப்பைப் புழுவின் நெருங்கிய சொந்தமான, குடல் சிரைகளில் வாழும் மான்சோனி புழு அந்தப் பட்டியலில் இல்லை. எனவே புண்ணும் தழும்பும் மட்டுமே முழு விடையாக இருக்க முடியாது.

மீதி விடைக்கு நம் நோய் எதிர்ப்பு அமைப்பைப் பார்க்க வேண்டும். அது பாக்டீரியாவைப் பார்த்தால் விழுங்கும், வைரஸ் புகுந்த செல்லைப் பார்த்தால் கொல்லும். புழுவை என்ன செய்வது? அது எந்த வெள்ளணுவை விடவும் பல்லாயிரம் மடங்கு பெரியது, விழுங்க முடியாது. சண்டையை முழுவேகத்தில் நடத்தினால் புழுவைவிடச் சொந்தத் திசுக்கள்தான் அதிகம் சேதமாகும். எனவே உடல் வேறு வழியைத் தேர்ந்துகொண்டது: அடியாட்களைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிடுவது. இன்டர்லூக்கின்-4, 13 ஆகிய சமிக்ஞைகள் எழுகின்றன. இயோசினோஃபில் அணுக்கள் பெருகுகின்றன. இரத்தப் பரிசோதனை அறிக்கையில் இந்தப் பெயரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொல்லும் மேக்ரோஃபேஜ்கள் குணம் மாறி, புண்ணை ஆற்றும் மேக்ரோஃபேஜ்கள் ஆகின்றன. இதற்கெல்லாம் மேல் ஒழுங்காற்று டி செல்கள் வந்து, ‘போதும், அடங்குங்கள்’ என்று மற்ற செல்களை அமர்த்துகின்றன. இன்டர்லூக்கின்-10, டி.ஜி.எஃப்.-பீட்டா ஆகியவை அவற்றின் கருவிகள்.

இந்தப் பொறுமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு யானைக்கால் புழுவே போதும். நம் கடற்கரை மாவட்டங்களில் இந்த நோய் எல்லாருக்கும் தெரியும். ஆனால் தெரிவது வீங்கிய கால் மட்டும். கால் வீங்காமல், எந்தத் தொல்லையும் இல்லாமல், நள்ளிரவில் இரத்தம் எடுத்துப் பார்த்தால் மட்டும் குஞ்சுப்புழுக்கள் நெளிவதைக் காட்டும் மனிதர்கள் பலர் உண்டு. அவர்களுடைய வெள்ளணுக்களை எடுத்துப் புழுவின் புரதத்தைக் காட்டினால் பெரிதாக அசைவதில்லை. சென்னை காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் அமெரிக்க விஞ்ஞானிகளோடு சேர்ந்து பல ஆண்டுகளாக இதை ஆராய்கிறார்கள். இந்த அமைதி புழுவோடு நின்றுவிடுவதில்லை என்பதுதான் முக்கியம். புழு இருப்பவர்களிடம் காசநோய்க் கிருமிக்கு எதிரான செயல்பாடும் மட்டுப்படுகிறது.

புழு சும்மா இருந்து இந்தப் பொறுமையைப் பெறுவதில்லை, கேட்டு வாங்குகிறது. எலியின் குடலில் வாழும் ஹெலிக்மோசோமாய்டிஸ் என்ற புழு ஒரு புரதத்தைச் சுரக்கிறது. நம் உடலின் டி.ஜி.எஃப்.-பீட்டாவோடு அதற்கு எந்த உருவ ஒற்றுமையும் இல்லை, ஆனால் அதே பூட்டில் பொருந்தி அதே கதவைத் திறக்கிறது. கிளாஸ்கோவில் ரிக் மைசல்ஸ் குழு இதை 2017இல் வெளியிட்டது.

இனி புற்றுக்கட்டிக்கு வருவோம். முற்றிய கட்டி ஒன்றை அறுத்து உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால், புண்ணாற்றும் மேக்ரோஃபேஜ்கள், ஒழுங்காற்று டி செல்கள், இன்டர்லூக்கின்-10, டி.ஜி.எஃப்.-பீட்டா: எல்லாம் அதே ஆட்கள். கட்டி என்பது ஆறாத புண் என்று ஹரால்டு டுவொராக் 1986இலேயே எழுதினார். புழு உயிரோடிருக்க எந்த அமைதி வேண்டுமோ, கட்டி வளரவும் அதே அமைதிதான் வேண்டும். இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது இதுதான்: புழு பல சமயங்களில் கட்டியை உண்டாக்குவதில்லை, கட்டிக்கு ஏற்ற இடத்தைத் தயார் செய்துவைக்கிறது. எந்த இடத்தில், எப்போது, எவ்வளவு காலம் என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழாகவும் மாறும்.

தாய்லாந்தின் வடகிழக்கில் உள்ள இசான் பகுதி இதற்கு உலகின் மிகத் தெளிவான, மிகத் துயரமான சான்று. கோன் கேன் நகரைச் சுற்றிய கிராமங்களில் பித்தநாளப் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகம். ‘கோய் பிளா’ என்று ஒரு உணவு உண்டு. ஏரியில் பிடித்த சிறு கெண்டை வகை மீன்களைப் பச்சையாகவே கொத்தி, எலுமிச்சைச் சாறு, மிளகாய், மூலிகைத் தழைகள் சேர்த்துப் பிசைந்து சாப்பிடுவார்கள். நெல் அறுவடைக் காலத்தில், வயலோரத்தில், கூட்டமாக உட்கார்ந்து உண்பது. எலுமிச்சையின் புளிப்பு மீனிலுள்ள ஈரல் புழுவைக் கொன்றுவிடும் என்று நம்பினார்கள், கொல்வதில்லை. மீன் சதைக்குள் பொதிந்திருக்கும் இளம்புழு நம் சிறுகுடலில் விடுபட்டு, பித்தநாளத்தில் ஏறி, இலை வடிவில் வளர்ந்து, அங்கேயே பத்தாண்டு அல்லது அதற்கும் மேலாக வாழ்கிறது. மனிதக் கழிவு குளத்தில் சேர, முட்டையை நத்தை தின்ன, நத்தையிலிருந்து மீனுக்குப் போக, சுற்று முழுமையாகிறது. பூனையும் நாயும் கூடப் புழுவைச் சுமக்கின்றன, அதனால் மனிதருக்கு மட்டும் மருந்து கொடுத்துத் தீராது.

இந்தப் புழு, உறிஞ்சிகளால் நாளத்தின் உட்தோலைக் கடித்துத் தொங்குகிறது. அதோடு கிரானுலின் என்ற வளர்ச்சிக் காரணியையும் சுரக்கிறது. 2009இல் தாய்லாந்து, ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். நம் செல்கள் அதைப் பெற்றதும் பெருகத் தொடங்குகின்றன. புழுவின் பக்கத்திலிருந்து யோசித்தால் இதில் நியாயம் இருக்கிறது: தான் கடித்த இடம் சீக்கிரம் ஆறினால்தான் வீடு இடிந்து விழாது. வீட்டுக்காரன் பத்தாண்டு கழித்துப் புற்றுநோயில் சாவதைப் பற்றிப் புழுவுக்குக் கவலை கிடையாது. 2019இல் மரபணுக் கத்தரியால் புழுவின் கிரானுலின் மரபணுவையே முடக்கிவிட்டு ஹாம்ஸ்டர் எலிகளுக்குள் விட்டபோது, பித்தநாளத்தின் சேதம் குறைந்தது. இதே கிரானுலினின் ஒரு சிறு துண்டைக் கொண்டு, நீரிழிவு நோயாளிகளின் ஆறாத கால்புண்ணுக்கு மருந்து செய்ய முடியுமா என்றும் ஆஸ்திரேலியாவில் பார்க்கிறார்கள்.

புழு மட்டும் போதாது என்பதும் ஹாம்ஸ்டரில்தான் தெரிந்தது. 1978இல் தமாவித் குழுவினர் சில ஹாம்ஸ்டர்களுக்குப் புழுவை மட்டும் கொடுத்தார்கள், சிலவற்றுக்கு நைட்ரோசமினை மட்டும் கொடுத்தார்கள். பித்தநாளப் புற்றுநோய் வரவில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது வந்தது. இசான் மக்களின் ஊறவைத்த மீனிலும் நைட்ரோசமின் உண்டு. மருந்து தின்று புழுவைப் போக்கி, மறுபடி கோய் பிளா தின்று புழுவை வாங்கிக்கொள்வதும் அங்கே வழக்கமாகிவிட்டது. மாத்திரை இருக்கிறதே என்ற தைரியம். அப்படி அடிக்கடி மாத்திரை சாப்பிட்டவர்களிடம் புற்றுநோய் கூடுதலாக இருப்பதையும் ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் பித்தநாளம் புதிதாகப் புண்படுகிறதல்லவா? நரோங் குந்திகேவ் என்ற கோன் கேன் அறுவை மருத்துவரின் தாயும் தந்தையும் ஈரல் புற்றுநோயில் இறந்தவர்கள். அவர் ஸ்கேன் கருவியோடு கிராமங்களைச் சுற்றி, வலி வருமுன் கட்டியைக் கண்டுபிடிக்கும் வேலையைத் தொடங்கினார். பெரும்பாலான நோயாளிகள் மஞ்சள்காமாலை வந்தபின்தான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள், அப்போது கத்திக்கு வேலை இருப்பதில்லை.

சிறுநீர்ப்பையிலும் பித்தநாளத்திலும் புழு கட்டியின் பக்கத்திலேயே இருக்கிறது. தூரத்தில் இருந்துகொண்டும் அது உதவ முடியுமா? 2014இல் அமெரிக்காவில் டிஃபனி ரீஸ், ஹெர்பர்ட் வர்ஜின் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். எலியின் உடலுக்குள் ஒரு ஹெர்பிஸ் வைரஸ் தூங்கிக்கொண்டிருந்தது. எலிக்குப் புழுத் தொற்று வந்ததும், எழுந்த இன்டர்லூக்கின்-4 அந்த வைரஸை எழுப்பிவிட்டது. மனிதரில் இதே குடும்பத்து வைரஸ் ஒன்று காபோசி சர்கோமா என்ற புற்றுநோயை உண்டாக்குகிறது. பெரு நாட்டின் இகிடோஸ் பகுதியில் பெண்களை ஆராய்ந்தபோது, குடற்புழு இருந்தவர்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் அதிகமாக இருந்தது. கருப்பைவாய்ச் சுரப்பிலேயே புழுத் தொற்றின்போது எழும் சமிக்ஞைகள் தெரிந்தன. குடலில் கிடக்கும் புழுவுக்குக் கருப்பைவாய் வரை கை நீள்கிறது. இது தொடர்புதான், காரணம் என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் எச்.பி.வி. தடுப்பூசி போடுமுன் பூச்சி மாத்திரை கொடுக்க வேண்டுமா என்ற கேள்வியை இது எழுப்பத்தான் செய்கிறது.

அழற்சியைத் தணிக்கும் புழு, அழற்சியால் வரும் புற்றுநோயைத் தடுக்க வேண்டும் அல்லவா? தர்க்கப்படி அப்படித்தான். நாள்பட்ட குடல் அழற்சியிலிருந்து பெருங்குடல் புற்றுநோய் எழுவதை எலியில் உண்டாக்கலாம். மெக்சிகோவில் அத்தகைய எலிகளுக்கு டீனியா கிராசிசெப்ஸ் என்ற நாடாப்புழுவின் இளம்பருவத்தைக் கொடுத்தார்கள், கட்டிகள் குறைந்தன. ஜெர்மனியில் மேலே சொன்ன ஹெலிக்மோசோமாய்டிஸ் புழுவைக் கொடுத்தார்கள், கட்டிகள் கூடின. நோய் ஒன்று, விலங்கு ஒன்று, புழு மட்டும் வேறு. புழு நல்லதா கெட்டதா என்று கேட்பவருக்கு இந்த இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும். டிரிக்கினெல்லா புழு எலியின் மெலனோமாவைக் குறைத்தது என்றும் ஆய்வுகள் உண்டு. எல்லாம் எலி. இதைப் பிடித்துக்கொண்டு புழுவை விழுங்கிப் புற்றுநோயைத் தீர்க்கலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரு விசித்திர வழக்கைச் சொல்லாமல் போக மனமில்லை. 2013இல் கொலம்பியாவின் மெடெயின் நகரில் எச்.ஐ.வி. தொற்றுள்ள 41 வயதுக்காரர் ஒருவருக்கு நுரையீரலிலும் நிணநீர் முடிச்சுகளிலும் கட்டிகள். செல்கள் புற்றுச் செல்களைப் போல நெருங்கிப் பெருகின, ஆனால் மனிதச் செல்லைவிட மிகச் சிறியவை. அட்லாண்டாவின் நோய்க்கட்டுப்பாட்டு மையத்தில் பல மாதங்கள் குழம்பியபின் அந்தச் செல்களின் டி.என்.ஏ. யாருடையது என்று தெரிந்தது: ஹைமனோலெபிஸ் நானா என்ற குட்டை நாடாப்புழுவினுடையது. புற்றுநோய் வந்தது மனிதனுக்கு அல்ல, புழுவுக்கு. அது மனிதனுக்குள் பரவியிருந்தது. விடை கிடைத்த மூன்று நாளில் அவர் இறந்துவிட்டார். எதிர்ப்பாற்றல் முற்றாக ஓய்ந்த உடல், அந்நியச் செல்லுக்குக்கூட இடம் கொடுத்துவிடும்.

பூச்சி மாத்திரையே புற்றுநோய் மருந்தாகுமா என்பது தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். லெவாமிசோல் என்ற பூச்சி மருந்தைப் பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோவோடு சேர்த்துக் கொடுக்க 1990இல் அமெரிக்கா அனுமதித்தது. அதைவிட நல்ல சேர்க்கை வந்தது. வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குச் சரியும் பக்கவிளைவும் இருந்தது. 2000இல் அங்கே சந்தையிலிருந்து போய்விட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆய்வக எலிகளுக்குப் புழு நீக்க ஃபென்பெண்டசோல் கொடுத்தபோது, அந்த எலிகளில் மூளைக்கட்டியை வளர்க்கவே முடியாமல் போனது. அதிலிருந்து, அதே குடும்பத்துப் பூச்சி மருந்தான மெபெண்டசோலைப் பற்றிய ஆய்வுகள் கிளைத்தன. செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் நுண்குழல்களை இந்த மருந்துகள் குலைக்கின்றன. புழுவிலும் அதுதான், புற்றுச் செல்லிலும் அதுதான். ஆனால் 2019இல் தென்கொரியாவில் நோயாளிகள் நாய்க்குக் கொடுக்கும் ஃபென்பெண்டசோலை வாங்கி விழுங்கத் தொடங்கியது, ஆய்வுக்கூடத்துச் செய்தி யூடியூபுக்குப் போனால் என்னாகும் என்பதற்கு உதாரணம். மனிதரில் அது புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதற்குச் சான்று இல்லை.

நம் ஊருக்கு உண்மையிலேயே பொருந்தும் எச்சரிக்கை வேறு ஒன்று. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற சிறு உருளைப்புழு, ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே புகும். காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் இது பரவலாக இருப்பதைச் சென்னை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இது மற்றக் குடற்புழுக்களைப் போல அல்ல. உடலை விட்டு வெளியேறாமலேயே தன் சுற்றை முடித்துக்கொண்டு, முப்பது நாற்பது ஆண்டுகள் கூடச் சத்தமில்லாமல் இருக்கும். பள்ளிகளில் கொடுக்கும் ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரை இதை நம்பகமாக ஒழிப்பதில்லை. ஒருவருக்கு லிம்ஃபோமாவோ வேறு புற்றுநோயோ வந்து, கீமோவோடு ஸ்டீராய்டும் தொடங்கினால், புழுவைக் கட்டி வைத்திருந்த எதிர்ப்பாற்றல் தளர்கிறது. புழு ஆயிரக்கணக்கில் பெருகி, குடல் பாக்டீரியாக்களை இரத்தத்துக்குள் இழுத்துக்கொண்டு நுரையீரல் வரை போகிறது. அந்த நிலையில் பலர் பிழைப்பதில்லை. புற்றுநோயால் இறந்ததாகவே வீட்டார் நினைத்துக்கொள்வார்கள்.

எனவே உங்கள் வீட்டில் யாருக்காவது புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்கப் போகிறது என்றால், அவர் வயலிலோ தோட்டத்திலோ செங்கல் சூளையிலோ வெறுங்காலோடு வேலை செய்தவர் என்றால், ஸ்டீராய்டு தொடங்குமுன் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். இயோசினோஃபில் எண்ணிக்கை கூடியிருக்கிறதா, ஸ்ட்ராங்கிலாய்டிஸ் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். இருப்பது தெரிந்தால், மருத்துவர் எழுதித்தரும் சில ஐவர்மெக்டின் மாத்திரைகளே பெரும்பாலும் போதும்.